இறந்தவள் என்ன வேலை பார்த்தாள்?

சங்கு குளிக்க இறங்குகிறவனின் கயிற்றை அவன் மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்று கீழவைப்பாரை ஒட்டிய முத்துக்குளித்துறைக் கரையில் ஒரு பேச்சு உண்டு. கூடப் பிறந்த தம்பிகூட வேண்டாம், மச்சான் போதும். கயிறு நழுவினால் தாலி இழப்பவள் அவனுடைய அக்காளோ தங்கையோ. அந்தப் பயம் அவன் கையை இறுக்கி வைக்கும். காப்பீட்டு நிறுவனங்கள் வருவதற்கு முந்தைய காப்பீடு இது என்று எனக்குத் தோன்றும். இதில் சாகக்கூடியவன் ஆண், மிஞ்சப்போகிறவள் பெண். பெண்ணே செத்துப்போனால் என்ன என்ற கேள்விக்கு அந்தக் கயிற்றில் இடமில்லை.

இப்போது இந்தக் கரையில் சாவு கடலிலிருந்து மட்டும் வருவதில்லை. தூத்துக்குடியையும் இராமநாதபுரத்தையும் இணைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை வேப்பலோடை, வைப்பார், வேம்பார் என்று ஊர்களைத் தொட்டுக்கொண்டு போகிறது. உப்பு லாரியும் மீன் வண்டியும் ஓடும் அந்தச் சாலையில்தான் விடியுமுன் அளத்து வேலைக்குப் போகும் பெண்களும் மீன் கூடையோடு பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களும் இருக்கிறார்கள். லாரி மோதி ஒருத்தி இறந்தால், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் குடும்பம் மனுப் போடுகிறது. இறந்தவரின் வயது, தொழில், மாத வருமானம் என்று அந்த மனு கேட்கும். தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்பதற்கு 200 ஆண்டு வரலாறு இருக்கிறது. அது தொடங்குவதே ஒரு பெண்ணின் சாவில்தான்.

1808-இல் லண்டனிலிருந்து போர்ட்ஸ்மவுத் போன குதிரை வண்டி ஒன்று கவிழ்ந்தது. கணவனும் மனைவியும் வண்டியின் மேல்தட்டில் உட்கார்ந்து பயணம் செய்தவர்கள். மனைவி ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து மருத்துவமனையில் இறந்தாள். கணவன் மதுக்கடை நடத்துபவன். கடை நடத்த மனைவி பெரிதும் உதவியாக இருந்தாள் என்று வழக்குக் குறிப்பிலேயே இருக்கிறது. ஆனாலும் எல்லன்பரோ பிரபு, ஒரு மனிதரின் சாவை உரிமையியல் நீதிமன்றத்தில் நஷ்டமாகக் கொண்டுவர முடியாது என்றார். அவள் உயிரோடு கிடந்த அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் கணவன் ஈடு கேட்கலாம், இறந்த நாளோடு கணக்கு முடிந்தது. காயப்படுத்தினால் பணம் கட்ட வேண்டும், கொன்றுவிட்டால் வேண்டாம் என்ற இந்த விநோதம் ரயில் வந்து கொத்துக் கொத்தாக ஆட்கள் சாகும் வரை நீடித்தது. 1846-இல் இங்கிலாந்து சட்டம் செய்தது. 1855-இல் அதன் சாயலில் இந்தியாவுக்கும் மரண விபத்துச் சட்டம் வந்தது. கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை ஆகியோருக்காக வழக்குப் போடலாம் என்றது. கணக்கு எளிது: இறந்தவர் சம்பாதித்து இவர்களுக்குக் கொடுத்துவந்தது எவ்வளவு? இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் மனதில் இருந்த பிணம் ஆணுடையது.

அடுத்து வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1939-இல் மோட்டார் வாகனச் சட்டம். 1946 முதல் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 1956 திருத்தத்தில் தனித் தீர்ப்பாயங்களுக்கு வழி. 1988-இல் புதிய சட்டம்.

நமக்கு முக்கியமானது 1994-இல் அதில் சேர்ந்த இரண்டாம் அட்டவணை. சம்பாதிக்காதவருக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் என்று அனுமான வருமானம் வைத்தார்கள். அதுவே மனைவி என்றால், சம்பாதிக்கும் கணவனின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஒரே அளவு சோறு பொங்கி, ஒரே அளவு துணி துவைத்த இரண்டு பெண்களில் அதிகாரியின் மனைவிக்கு ஒரு விலை, கூலிக்காரரின் மனைவிக்கு ஒரு விலை. 15,000 என்று வைத்தால் 38 வயதுப் பெண்ணுக்கு என்ன வரும்? அட்டவணைப்படி 16-ஆல் பெருக்கினால் 2,40,000. தன் சொந்தச் செலவுக்கு அவள் எடுத்திருப்பாள் என்று மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 1,60,000. (தனக்கென்று மூன்றில் ஒரு பங்கைச் செலவழித்த குடும்பப் பெண்ணை நான் இன்னும் சந்திக்கவில்லை.) அந்த 15,000 ரூபாய் 2018 வரை அட்டவணையில் அப்படியே கிடந்தது.

நீதிமன்றங்கள் அட்டவணையைத் தாண்டி நடந்தன, மெதுவாக. 1989 மார்ச்சில் ஜாம்ஷெட்பூரில் டாடா உருக்காலை விழாவில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள், பெண்களும் குழந்தைகளும் நிறையப் பேர். இல்லத்தரசிகளின் உழைப்புக்கு முதலில் போட்ட மதிப்பு ஆண்டுக்கு 12,000 ரூபாய். 2001-இல் உச்ச நீதிமன்றம் அது மிகக் குறைவு என்று சொல்லி, 34 முதல் 59 வயது வரையுள்ளவர்களுக்கு மாதம் 3,000 ஆக்கியது. வயதான பெண்களுக்கு ஆண்டுக்கு 20,000. வயதானால் வீட்டு வேலை பாதியாகக் குறைந்துவிடும் என்று யார் சொன்னார்களோ!

2009-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தாயை இழந்த ஒரு சிறுமியின் வழக்கு வந்தது. நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் எழுதிய அந்தத் தீர்ப்பைப் பெண்ணியம் படிக்கும் மாணவிகள் இலக்கியம்போலவே படிக்கலாம். சம்பளமில்லாத உழைப்பை அளக்கப் பொருளாதார அறிஞர்கள் சொல்லும் மூன்று வழிகளை அது எடுத்துவைத்தது: அவள் வெளியே வேலைக்குப் போயிருந்தால் என்ன சம்பாதித்திருப்பாள் என்பது ஒன்று. திருமணம் சமபங்குக் கூட்டு, எனவே கணவன் வருமானத்தில் பாதி அவளுடையது என்பது இன்னொன்று. அவள் செய்ததையெல்லாம் ஆள் வைத்துச் செய்தால் என்ன செலவாகும் என்பது மூன்றாவது.

இந்த மூன்றையும் கீழவைப்பாரில் வைத்துப் பாருங்கள். முதல் வழியில், எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட பெண் மறுபடியும் தோற்பாள். படிக்கவிடாததற்கு ஒரு தண்டனை, படிக்காததற்கு இன்னொன்று. இரண்டாவது கேட்க அழகு, ஆனால் பாடு இல்லாத மாதத்தில் கடலோடியின் வருமானத்தில் பாதி எவ்வளவு? மூன்றாவதுதான் அவளுக்குக் கொஞ்சம் அருகில் வருகிறது. சமையலுக்கு, பிள்ளை பார்க்க, படுத்துக் கிடக்கும் மாமியாரைக் கழுவ, தண்ணீர் எடுக்க என்று ஆள் கூலியைக் கூட்டலாம். வட்டிக்காரர் வாசலுக்கு வரும்போது பேசி அனுப்புகிற வேலைக்கு எந்த ஆளை வைப்பது?

2010-இல் உச்ச நீதிமன்றம் இந்தச் சென்னைத் தீர்ப்பை மேற்கோள் காட்டியது. அந்த வழக்கில் தீர்ப்பாயம் இறந்த பெண்ணுக்கு 6 லட்சம் என்று கணக்குப் போட்டுவிட்டு, அவள் உண்மையில் சம்பாதித்தவள் அல்லவே என்று 2,50,000 ஆகக் குறைத்திருந்தது. உச்ச நீதிமன்றம் 6 லட்சத்தைத் திருப்பிக் கொடுத்தது. இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரர்கள், கைதிகளோடு ஒரே வகையில் அடைத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நீதிபதி கங்குலி கடுமையாகக் கண்டித்தார். 2021 ஜனவரியில் வந்த தீர்ப்பில் நீதிபதி ரமணா தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின் எண்களைச் சேர்த்தார்: சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண் நாளொன்றுக்குச் செலவிடுவது 299 நிமிடம், ஆண் 97 நிமிடம்.

இவ்வளவுக்குப் பிறகும் இந்தக் கரையின் பெண் மனுவுக்குள் முழுதாக அடங்குவதில்லை. அவள் அளத்தில் உப்பு சுமந்தவள், வீட்டில் அந்த 299 நிமிடத்தையும் உழைத்தவள். மனுவில் ஒரு தொழிலுக்குத்தான் இடம். கூலி என்று எழுதினால் வீட்டு உழைப்பு மறைகிறது, இல்லத்தரசி என்று எழுதினால் அளம் மறைகிறது. கூலிக்குச் சீட்டு எங்கே என்று காப்பீட்டுத் தரப்பு கேட்கும். காய்கறி விற்பவரிடம் வருமானச் சான்று எதிர்பார்க்க முடியாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, மாதம் 6,500 ரூபாயை ஏற்றிருக்கிறது. மீன் விற்பவளுக்கும் உப்பு வாருபவளுக்கும் அது பொருந்தும். நலவாரிய அட்டையும் சுயஉதவிக் குழுவின் சேமிப்புப் புத்தகமும் இந்த வாதத்துக்கு உதவும். 2022 ஏப்ரல் முதல் மனுப் போட ஆறு மாதக் கெடு வேறு வந்திருக்கிறது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கும் போடப்பட்டது.

ஆண் இறந்து பெண் மிஞ்சினாலும் அவள்மீது ஒரு கண் இருக்கும். மறுமணம் செய்துகொண்டாள், இழப்பீடு எதற்கு என்று ஒரு காப்பீட்டு நிறுவனம் மும்பை உயர் நீதிமன்றம் வரை போனது. கணவன் இறந்தபோது அவளுக்கு 19 வயது. இழப்பீட்டுக்காக ஒருத்தி வாழ்நாள் முழுக்க விதவையாக இருக்க வேண்டுமா என்று கேட்டு 2023-இல் நீதிமன்றம் மறுத்தது.

பிரபா ஸ்ரீதேவன் தீர்ப்பில் இன்னொரு வரி இருந்தது. இல்லத்தரசியின் உழைப்பை விபத்து வழக்குகளில் மட்டுமல்ல, கணவன் மனைவி சொத்தைப் பிரிக்கும்போதும் அறிவியல்பூர்வமாக மதிப்பிட வேண்டும் என்று. அதாவது அவள் சாகும்வரை காத்திருக்காமல். 14 ஆண்டு கழித்து, 2023 ஜூனில், அதே சென்னை உயர் நீதிமன்றம், வெளிநாட்டில் உழைத்த கணவன் வாங்கிய சொத்தில் ஊரில் குடும்பத்தை நடத்திய மனைவிக்குச் சமபங்கு உண்டு என்றது. அப்படிப் பங்கு கொடுக்கச் சொல்லும் சட்டம் இன்னும் இல்லை.