லண்டனில் கேட்ட கேள்வி



போன வாரம் பேரன் தன் கைப்பேசியில் ஒரு பழைய பேட்டியைக் காட்டினான். 1978-இல் லண்டன் தேம்ஸ் தொலைக்காட்சிக்காக ஜோனதன் டிம்பிள்பி என்ற பத்திரிகையாளர் இந்திரா காந்தி அம்மையாரைக் கண்ட பேட்டி. அப்போது அவர் பிரதமர் அல்ல. 1977 மார்ச்சில் ரேபரேலியில் ராஜ் நாராயணிடம் தோற்றவர். அதே ஆண்டு அக்டோபரில் கைதாகி, மறுநாளே விடுதலையானவர். 1978 நவம்பரில் சிக்மகளூர் இடைத்தேர்தலில் வென்ற கையோடு லண்டன் போயிருந்தார்.

இந்த வகைப் பேட்டிக்கு உலகமே சொல்லும் உதாரணம், டேவிட் ஃபிராஸ்ட் நிக்சனைக் கண்டது. வாட்டர்கேட் விவகாரத்தில் 1974-இல் பதவி விலகிய நிக்சனுக்கு 6 லட்சம் டாலர் பேசிப் பேட்டி எடுத்தார்கள். ஒளிப்பதிவு தொடங்கியது 1977 மார்ச் 23. நம் நாட்டில் நெருக்கடி நிலை விலக்கப்பட்டது மார்ச் 21. இரண்டே நாள் இடைவெளி! மக்களைக் கைவிட்டுவிட்டேன் என்று நிக்சன் கடைசியில் ஒப்புக்கொண்டார். சுமார் 4.5 கோடி பேர் முதல் பகுதியைப் பார்த்தார்கள்.

நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தூர்தர்ஷன் அரசாங்கத்தின் கையில். சென்னை நிலையம் 1975-இல் வந்தும் தூத்துக்குடிக்கு எட்டவில்லை. 1982-இல் இலங்கை ரூபவாஹினி வந்த பிறகு மொட்டை மாடியில் உயரமாக ஆன்டெனா கட்டிப் படம் பார்த்தது உங்களுக்கு நினைவிருக்கும். இங்கே விசாரித்தது நீதிபதி ஷா கமிஷன். அங்கே அம்மையார் சத்தியப் பிரமாணம் எடுத்துச் சாட்சி சொல்ல மறுத்துவிட்டார். லண்டன் நிருபரின் கேள்விகளுக்கோ உட்கார்ந்து பதில் சொன்னார்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். உரையாடலுக்கு 'ஆந்த்ரெத்தியென்', குற்ற விசாரணைக்கு 'ஆந்தெரொகத்துவார்' என்று வாத்தியார் பிரித்துச் சொல்லித் தருவார். இந்தப் பேட்டி இரண்டுக்கும் நடுவில் நின்றது. கேட்பவருக்கு 34 வயது, பதில் சொல்பவருக்கு 61. குரல் உயரவில்லை. எதிர்க்கட்சிகள் நாட்டை நிலைகுலையச் செய்தன, வேறு வழியில்லை என்று அவர் எங்கும் சொல்லிவந்த நியாயம்தான் அங்கும்.

பார்த்து முடித்ததும் எனக்கு உறக்கம் வரவில்லை. காரணம் அவரல்ல, நான்தான்.

1976-இல் இங்கே ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். கூட வேலை பார்த்த ஒருவர் டீக்கடையில் நெருக்கடி நிலையைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டார். ஒரு வாரத்தில் தொலைதூரத்துக்கு மாற்றல். அந்த உத்தரவைத் தட்டச்சு செய்தவன் நான். காரணம் எழுதும் இடத்தில் 'நிர்வாக நலன் கருதி' என்று இருந்தது. அவர் வந்து வாங்கிக்கொண்டபோது நான் கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 1977-இல் வடக்கு அவரைத் தோற்கடித்தது. நாம் தோற்கடிக்கவில்லை. தமிழ்நாட்டின் 39 இடங்களில் 34 அ.தி.மு.க. - காங்கிரஸ் அணிக்கே போயிற்று. நம் திருச்செந்தூர் தொகுதியும் காங்கிரஸுக்குத்தான். தணிக்கை செய்த செய்தித்தாளைப் படித்துவிட்டு, ரயில் நேரத்துக்கு வருகிறது, ஆபீஸில் ஒழுங்கு வந்துவிட்டது என்று நாம் பேசிக்கொண்டிருந்தோம்.

1980 ஜனவரியில் அவர் மறுபடி பிரதமரானார். கேள்விகளும் அத்தோடு ஓய்ந்தன.

மாற்றலான அந்த நண்பர் காலமாகிப் பல வருடம் ஆகிறது. ஒரு நாளும் என்னிடம் அதைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? 'வேறு வழியில்லை' என்றுதான். அம்மையார் சொன்ன அதே பதில்.