மெனாந்தரின் வெள்ளிக்காசில் வேற்றுமை உருபு

இந்தியாவின் வடமேற்கில் ஆட்சி செய்த இந்தோ-கிரேக்க மன்னர்களுள் மெனாந்தர் குறிப்பிடத்தக்கவர். கி.மு. 2ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் வாழ்ந்த இவரே, ‘மிலிந்த பஞ்ஹ’ என்னும் பாலி நூலில் நாகசேனருடன் உரையாடும் மிலிந்தர் எனக் கொள்ளப்படுகிறார். இவர் வெளியிட்ட வெள்ளித் திரக்மா ஏறத்தாழ 2.45 கிராம் எடையுடையது. எடையிற் சிறியதாயினும் இரு மொழிகளையும் இரு எழுத்து முறைகளையும் தாங்கியிருப்பதால் இக்காசு மொழியியலாரின் கவனத்திற்குரியது.

காசின் முன்புறத்தில் மன்னரின் உருவத்தைச் சூழ்ந்து ‘பசிலியோஸ் சோத்தேரோஸ் மெனாந்த்ரூ’ என்னும் கிரேக்க வாசகம் அமைந்துள்ளது. பின்புறத்தில் இடியேறு ஏந்திய அதீனா தெய்வத்தைச் சுற்றி ‘மஹரஜஸ த்ரதரஸ மெனம்த்ரஸ’ என்னும் பிராகிருத வாசகம், வலமிருந்து இடமாக எழுதப்படும் கரோஷ்டி எழுத்தில் உள்ளது. ‘காப்போனாகிய அரசன் மெனாந்தரின்’ என்பது பொருள். ‘காசு’ என்னும் சொல் இரண்டிலும் தொக்கு நிற்கிறது.

இரு வாசகங்களும் ஆறாம் வேற்றுமையில் அமைந்தவை. ஆயினும் கிரேக்கத்தில் மூன்று சொற்களும் முறையே -ஓஸ், -ஒஸ், -ஊ என வெவ்வேறு ஈறுகளைப் பெறுகின்றன. பிராகிருதத்திலோ மூன்றும் ‘-ஸ’ என்னும் ஒரே ஈற்றைப் பெறுகின்றன. ‘த்ராத்ரு’ என்னும் வடசொல் ஆறாம் வேற்றுமையில் ‘த்ராதுஃ’ என்றாகும். காசிலோ அது அகர ஈற்றுப் பெயராக மாறி ‘த்ரதர-ஸ’ என நிற்கிறது. மன்னரின் பெயரும் கிரேக்க ஈற்றை நீக்கிப் பிராகிருத ஈற்றையே ஏற்கிறது. எனவே இது ஒலிபெயர்ப்பன்று. பிராகிருத இலக்கணத்திற்கு இயைந்த மொழிபெயர்ப்பே என்பது தெளிவு.

இவ்வேறுபாடு பிற்காலத்தில் பெரும்பயன் விளைத்தது. 1830களில் காபூலை அடுத்த பெக்ராம் பகுதியில் காசுகளைத் திரட்டிய சார்லஸ் மாசன், கிரேக்கப் பெயர்களுக்கும் பட்டங்களுக்கும் நேரான கரோஷ்டிக் குறிகளைச் சுட்டிக்காட்டினார். அக்குறிப்பைக் கொண்டு ஜேம்ஸ் பிரின்செப் எழுத்துகளின் ஒலியை ஆராய்ந்தார். எனினும் அம்மொழியை ஈரானியச் சார்புடையதாகக் கருதியவரை அவரது வாசிப்பு முழுமை பெறவில்லை. அது பாலியோடு உறவுடைய பிராகிருதமே என அவர் 1838இல் உணர்ந்த பின்னரே சொல்லீறுகள் பொருள்பட்டன.

பெயர்கள் எழுத்தின் ஒலியை அறிவித்தன. மொழி இன்னதென்பதை வேற்றுமை ஈறே உறுதிசெய்தது. எழுத்தறிதலும் மொழியறிதலும் வேறானவை என்பதற்கு இச்சிறு காசு தக்க சான்றாகும்.