வெள்ளைத் தாளும் பாதரசமும்

நாம் எழுதும் தாள் இத்தனை வெள்ளையாக இருக்க, மரக்கூழை வெளுக்க வேண்டும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் டிரைடன் ஊரிலிருந்த ஆலை, அதற்கான குளோரினை உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சித் தயாரித்தது. அந்த வேலைக்குப் பாதரசம் தேவைப்பட்டது. 1962 முதல் 1970 வரை சுமார் 9,000 கிலோ பாதரசம் வாபிகூன் ஆற்றில் கலந்தது.

ஆற்றின் கீழ்ப்பக்கம் யார் இருந்தார்கள்? கிராசி நாரோஸ், வாபசீமூங் என்ற அனிஷினாபே பழங்குடி ஊர்கள். கழிவு எந்தப் பக்கம் திரும்பும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சேற்றிலிருந்த நுண்ணுயிர்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றின. அது மீனில் சேர்ந்தது. அவர்களுக்கு மீன்தான் சாப்பாடு, மீன்தான் கூலி. தூண்டில் போட வரும் வெளியூர்ப் பயணிகளுக்கு வழிகாட்டிகளாகப் போவார்கள். 1970இல் வணிக மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டதும் பிழைப்பு போனது. மீனைப் பலர் தொடர்ந்து சாப்பிட்டார்கள். வேறு என்ன இருந்தது?

மினமாட்டா நோயை ஆராய்ந்த ஜப்பானிய மருத்துவர் ஹராடா மசாசுமி 1975இல் அங்கே போய் அதே அறிகுறிகளைக் கண்டார். இழப்பீட்டு ஒப்பந்தம் வர 1985 ஆனது. ஆற்றைச் சுத்தம் செய்ய ஒன்டாரியோ அரசு 8.5 கோடி டாலர் அறிவித்ததோ 2017இல். இடையில், 2002 டிசம்பரில், கிராசி நாரோஸ் இளைஞர்கள் காட்டுச் சாலையின் குறுக்கே மரங்களைப் போட்டு, வெட்டுமரம் ஏற்றிவந்த லாரிகளை மறித்தார்கள்.