ஆய்வகத்தின் நினைவு யாரிடம் தங்குகிறது? பல்கலைக்கழக விண்கருவிக் கூடங்களும் பேரணாம்பட்டுத் தோல் தொழிலின் சோதனை மரபும்

தமிழகப் பல்கலைக்கழகங்கள் விண்வெளிக்கு அனுப்பிய கருவிகளைப் பற்றிய எழுத்து பெரும்பாலும் ஏவிய நாளோடு முடிந்துவிடுகிறது. 2009 ஏப்ரல் 20 அன்று பி.எஸ்.எல்.வி. சி-12 ஏவுகலத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் சென்றது. எடை 40 கிலோ. 2011 அக்டோபர் 12 அன்று 10.9 கிலோ எடையுள்ள எஸ்.ஆர்.எம்.சாட், 2016 ஜூன் 22 அன்று 1.5 கிலோ சத்யபாமாசாட், 2017 ஜூன் 23 அன்று குமாரகோவில் நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்தின் 15 கிலோ என்.ஐ.யு.சாட். எட்டே ஆண்டுகளில் ஒரே மாநிலத்தின் நான்கு உயர்கல்வி நிறுவனங்கள் இதைச் செய்தன என்பது பெருமைக்குரியது. ஒவ்வொன்றும் அந்தந்த நிறுவனத்தின் முதல் செயற்கைக்கோள். முதலாவதைச் செய்யும்போது கற்றுக்கொண்டது அடுத்ததைச் செய்பவர் கைக்கு எவ்வாறு போய்ச் சேரும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

எஸ்.ஆர்.எம்.சாட், சத்யபாமாசாட் இரண்டுமே வளிமண்டலத்தின் பசுங்குடில் வாயுக்களை நிறமாலைமானி கொண்டு அளக்கச் சென்றவை. இரண்டும் சென்னையின் தென்புறத்தில், ஐந்தாண்டு இடைவெளியில் உருவானவை. நிறமாலைமானியை எப்படி அளவுதிருத்தம் செய்தார்கள், வெப்பம் மாறியபோது அலைநீளக் கோடு எவ்வளவு நகர்ந்தது, எந்தப் பசை எத்தனை நாளில் இறுகியது என்பவையெல்லாம் ஆய்வேடுகளில் பாதியளவுகூட இடம்பெறாது. அவை சோதனைப் பதிவேட்டில் இருக்கும். அதைவிட அதிகமாகச் செய்தவர் கையில் இருக்கும். அந்தக் கை பட்டம் பெற்றதும் வேறு ஊருக்குப் போய்விடுகிறது. மும்பை ஐ.ஐ.டி. மாணவர்களின் பிரதம் செயற்கைக்கோள் 2007இல் தொடங்கி 2016 செப்டம்பர் 26 அன்றுதான் ஏவப்பட்டது. நான்காண்டுப் பொறியியல் படிப்பின் கணக்கில், தொடங்கிய மாணவர் போய், அவருக்கு அடுத்து வந்தவரும் போய், மூன்றாம் தலைமுறை அதை ஏவுதளத்தில் பார்த்தது. கருவியின் ஆயுள் மாணவரின் படிப்புக் காலத்தைவிட நீளமானது. விண்கருவி ஆய்வகத்தை நடத்துவதன் மையச் சிக்கல் இதுதான். பணமும் வெற்றிட அறையும் இதற்கு அடுத்த நிலையில்தான் வருகின்றன.

இந்தச் சிக்கலைப் பேச நான் தோல் தொழில் ஊரான பேரணாம்பட்டைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு டேனரிகளில், அதாவது தோல் பதனிடும் ஆலைகளில், ஒரு தோலின் வரலாறு அது சேர்ந்த தொகுதியின் லாட் எண்ணில் வாழ்கிறது. எந்த டிரம்மில் எவ்வளவு நேரம் சுழன்றது, தோலை மென்மையாக்கும் எந்த ஃபேட் லிக்கர் எண்ணெய்க் கலவை ஏற்றப்பட்டது, எங்கே எத்தனை நாள் அடுக்கி வைக்கப்பட்டது என்பதை அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போய்ப் பார்க்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே 1 முதல் தோலில் குரோமியம்-6 கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக் கூடாது என்று விதித்தபோது இந்தப் பழக்கத்தின் மதிப்பு கூடியது. பதனிடப் பயன்படுவது குரோமியம்-3தான். ஆனால் சில வகை எண்ணெய்களாலும் உலர்வெப்பத்தாலும் வைத்திருக்கும் முறையாலும் அதில் ஒரு சிறு பகுதி 6ஆக மாறக்கூடும். அதாவது, டிரம்மிலிருந்து சரியாக வெளிவந்த தோல் கிடங்கில் தவறிப்போகலாம். எனவே இறுதிச் சோதனை மட்டும் போதாது. ஒவ்வொரு படியிலும் பதிவு வேண்டும். வெளி ஆய்வகத்தின் அறிக்கை சரியில்லையென்றால் வாங்குபவர் முழு லாட்டையும் திருப்பிவிடுவார். எந்த வகுப்பறையும் கற்றுத்தர முடியாத ஒழுக்கத்தை இந்த நெருக்கடி கற்றுத்தந்தது.

விண்கருவிக்கும் இதே தர்க்கம் பொருந்துகிறது. கார் இருக்கைக்கான தோலைச் சோதிக்கும் ஒரு முறையில், மாதிரியை 100 டிகிரி செல்சியஸில் 16 மணி நேரம் சூடாக்கி, அதிலிருந்து ஆவியாகி 21 டிகிரியில் உள்ள அலுமினியத் தாளில் படிவதை எடைபோடுகிறார்கள். வெயிலில் நிற்கும் காரின் முன்கண்ணாடியில் மங்கல் படியாதிருக்க இந்த ஏற்பாடு. விண்வெளிக்குப் போகும் பசை, வண்ணம், மின்கம்பி உறை ஆகியவற்றை வெற்றிடத்தில் 125 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து, 25 டிகிரித் தட்டில் படிவதை எடைபோடுகிறார்கள். இழக்கும் எடை 1 விழுக்காட்டையும் படிவு 0.1 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. ஒன்று காற்றில், மற்றொன்று வெற்றிடத்தில் நடக்கிறது. இரண்டிலும் இயற்பியல் ஒன்றே. தேவைப்படும் கைப்பொறுமையும் ஒன்றே.

அந்தப் படிவை எவ்வளவு பொருட்படுத்த வேண்டும் என்பதற்கு இந்தியாவின் வானாய்வுச் செயற்கைக்கோளான ஆஸ்ட்ரோசாட் நல்ல சான்று. அதிலுள்ள புற ஊதாத் தொலைநோக்கியை இந்திய வானியற்பியல் நிறுவனம் பெங்களூருக்கு அருகிலுள்ள தன் ஓசகோட்டை வளாகத்தின் எம்.ஜி.கே. மேனன் ஆய்வகத்தில் ஒருங்கிணைத்தது. பேரணாம்பட்டுக்குத் தெற்கே ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தை நடத்துவதும் இதே நிறுவனம்தான். 2015 செப்டம்பர் 28 அன்று ஏவிய பிறகும் தொலைநோக்கியின் கதவுகளை நவம்பர் 30 வரை திறக்கவில்லை. செயற்கைக்கோளிலிருந்து கசியும் ஆவி முழுக்க வெளியேறும்வரை காத்திருந்தார்கள். மூலக்கூறு அளவிலான படலமே புற ஊதா ஒளியை விழுங்கிவிடும். இதே ஆய்வகம்தான் பின்னர் சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 கலத்துக்கான சூரிய ஒளிவட்டக் கருவியையும் உருவாக்கியது. அது 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்டது. முதல் கருவியின் பாடம் இரண்டாவதற்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம், ஆய்வகமும் அதன் நிலையான பணியாளர்களும் அங்கேயே இருந்ததுதான் என்று கருதுகிறேன். அந்த நிறுவனம் பல்கலைக்கழகம் அன்று. ஆகவே அங்கே சாத்தியமாயிற்று என்று சிலர் சொல்லக்கூடும்.

பல்கலைக்கழகத்திலும் சாத்தியமே. கொலராடோ பல்கலைக்கழகத்தின் வளிமண்டல, விண்வெளி இயற்பியல் ஆய்வகம் 1948இல் தொடங்கியது. நாசாவுக்குப் பத்தாண்டு மூத்தது. புளூட்டோவைக் கடந்த நியூ ஹொரைசன்ஸ் கலத்தில் உள்ள தூசு எண்ணும் கருவியை அங்கே மாணவர்களே செய்தார்கள். 2006 ஜனவரியில் ஏவப்பட்ட அந்தக் கருவி, செய்தவர்கள் படிப்பை முடித்துப் போன பின்னும் ஆண்டுக்கணக்கில் தரவு அனுப்பிவந்தது. மாணவர் வேலை என்பதற்காக அதற்குத் தரச் சலுகை தரப்படவில்லை. நிரந்தரப் பொறியாளர்கள் உடனிருந்து ஒவ்வொரு படியையும் பரிசீலித்தார்கள்.

நமக்கு முன்மாதிரி தேட அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். அதே 1948இல் அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் உருவானது. பக்கத்திலுள்ள அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரியின் தோல் தொழில்நுட்ப மாணவர்கள் அந்த வளாகத்தில்தான் கற்கிறார்கள். மாணவர் மாறிக்கொண்டே இருக்க, மாதிரித் தோல் ஆலையும் சோதனைக்கூடமும் அவற்றை அறிந்த பணியாளர்களும் நிலைத்திருக்கிறார்கள். ஒய். நாயுடம்மா அந்நிறுவனத்தின் இயக்குநராக இருந்த காலத்தில் டேனரி, ஆய்வகம், வகுப்பறை மூன்றும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. தோலுக்குச் செய்ததை விண்கருவிக்குச் செய்ய நமக்குத் தெரியும் என்பதே என் வாதம்.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு, அதில் வலுவும் உண்டு. அதிர்வு மேடையும் பெரிய வெப்ப வெற்றிட அறையும் இஸ்ரோவிடம் இருக்கின்றன. தனியாரின் விண்வெளிப் பணிகளுக்கு அனுமதி தருவதற்காக 2020இல் அறிவிக்கப்பட்ட இன்-ஸ்பேஸ் அமைப்பின் வழியாக அவற்றை வெளியார் பயன்படுத்தலாம். அப்படியிருக்க, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனிக்கூடம் கட்டுவானேன்? பெரிய இயந்திரங்களைப் பொறுத்தவரை இதை ஏற்கிறேன். அவற்றைப் பகிர்வதே முறை. ஆனால் மூன்றாம் வெப்பச் சுற்றில் ஒரு மின்னழுத்தம் சற்றுத் தாழ்ந்து தானே சரியானதைக் கண்டு, அதை அலட்சியம் செய்யாமல் நேரத்தோடு எழுதி வைத்து, ஆறாண்டு கழித்து அதே சுற்றுப்பலகையை எடுப்பவருக்குக் காட்டும் ஆளை வாடகைக்கு எடுக்க முடியாது. இன்றைய ஏற்பாட்டில் அந்த ஆள் திட்டப் பணியாளர். நிதி முடிந்த மாதத்தில் அவருக்கும் வேலை முடிகிறது.

எனவே நிதி தரும் அமைப்புகளிடம் கேட்க வேண்டியது குறிப்பானது. தூய்மை அறைத் தொழில்நுட்பர் ஒருவர், தரச் சோதகர் ஒருவர் என இரண்டு நிரந்தரப் பணியிடங்களை எந்தத் திட்டத்தோடும் கட்டாமல் ஆய்வகத்தோடு கட்ட வேண்டும். தரச் சோதகர் திட்டத் தலைவரான பேராசிரியருக்குக் கீழே இருக்கலாகாது. தோல் தொழிலில் சோதனை அறிக்கையை டேனரி உரிமையாளர் எழுதுவதில்லை. பொருள்களின் ஆவிப்படிவுச் சோதனைக்கு ஒரு சிறுகூடத்தை வேலூர் வட்டாரத்திலேயே அமைத்து, ஏற்கெனவே எடைத்தட்டும் லாட் பதிவும் பழகிய இளைஞர்களை அங்கே எடுக்கலாம். பேரணாம்பட்டுப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் இது ஷூ கம்பெனி வேலைக்கு வெளியே ஒரு வழியைத் திறக்கும். இதில் தீராமல் நிற்பது ஒரு செலவுக் கேள்வி: ஒரு திட்டம் முடிந்து அடுத்தது வரும்வரை தூய்மை அறையின் காற்று வடிகட்டிகள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அந்த மாதங்களின் மின்கட்டணத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதற்கு நம் பல்கலைக்கழக நிதி விதிகளில் ஒரு வரி சேர்க்கப்பட வேண்டும்.