தொடக்கப் பள்ளியில் கைவேலைக் கல்வி

ஒரு தேவையைக் கண்டு, அதற்கான பொருளை வரைந்து, செய்து, பழுது பார்த்துத் திருத்தச் சிறுவர்க்குக் கற்றுத்தரும் பாடம். இங்கிலாந்தும் வேல்சும் 1990இல் தம் தேசியப் பாடத்திட்டத்தில் ஐந்து வயதிலிருந்தே இதைக் கட்டாயமாக்கின. தமிழ்நாட்டில் இதற்குத் தனிப் பாடவேளை நிலைக்கவில்லை. அதன் வரலாறு நூல் நூற்பதில் தொடங்குகிறது.

1937 அக்டோபரில் வார்தாவில் காந்தி கூட்டிய மாநாட்டிலும், பின்னர் ஜாகிர் உசேன் குழு அறிக்கையிலும் உருவானது ஆதாரக் கல்வி. கைத்தொழிலே மையம்; கணக்கும் மொழியும் அதன் வழியே வரவேண்டும். 1946 முதல் சென்னை மாகாணக் கல்வியமைச்சராக இருந்த தி. சு. அவினாசிலிங்கம் இதற்கு ஊக்கம் தந்தார். ஆதாரப் பள்ளிகளில் பிள்ளைகள் நூல் நூற்கும் தக்ளியைச் சுழற்றினார்கள். ஆனால் எதைச் செய்வது, எப்படிச் செய்வது என்பது முன்பே முடிவானது. பிள்ளை தானாக யோசிக்க அங்கே இடம் குறைவு.

அடுத்து வந்ததுதான் இந்த வரலாற்றின் காயம். 1953 ஜூனில் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதி வேளையில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைப் பழகட்டும் என்றது. எதிர்த்தவர்கள் வைத்த பெயர் ‘குலக்கல்வித் திட்டம்’. பெரியாரும் திராவிட இயக்கமும் போராடினர். ராஜாஜி பதவி விலகினார். காமராசர் ஆட்சியில் 1954இல் திட்டம் கைவிடப்பட்டது. எதிர்ப்பு நியாயமானதே. ஆனால் அதற்குப் பிறகு ‘பள்ளியில் கைவேலை’ என்றாலே சாதியின் வாடை அடித்தது.

அத்திட்டத்தின் ஓட்டையைக் காட்ட நெய்வேலியைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. தென் ஆர்க்காட்டின் இந்தச் செம்மண் காட்டில் 1930களில் ஜம்புலிங்க முதலியார் தோண்டிய கிணற்று நீரோடு கறுப்பாக ஏதோ வந்தது; அது லிக்னைட், அதாவது பழுப்பு நிலக்கரி. 1956 நவம்பரில் நெய்வேலி லிக்னைட் நிறுவனம் பதிவானது. மறு ஆண்டு மே 20இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1962இல் சோவியத் உதவியோடு 50 மெகாவாட் மின்னலகு ஓடியது. சுரங்கம் வெட்டும் பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர் இயந்திரத்தை ஓட்டும் தொழிலை இப்பகுதியில் எந்தத் தகப்பனும் பிள்ளைக்குக் கைமாற்றித் தந்திருக்க முடியாது. வட்டம் வட்டமாக எழுந்த நகரியத்தில் நிறுவனமே பள்ளிகளும் நடத்தியது.

இந்தப் பாடத்துக்கு வேண்டிய பொருளும் இங்கே காலடியில் கிடக்கிறது. பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நீர் நிற்கிறது. இடைவிடாமல் இறைக்காவிட்டால் சுரங்கத் தரை பிளந்துவிடும். ஒரு வாளி நீர், ஒரு குழாய், கொஞ்சம் களிமண் இருந்தால் நான்காம் வகுப்பே அந்தச் சிக்கலை மேசைமேல் கட்டிப் பார்க்கலாம்.

பள்ளிக் கைவேலையை 1964–66இன் கோத்தாரி குழு ‘பணி அனுபவம்’ என்றது. 1977இல் ஈசுவர்பாய் படேல் குழு ‘சமூகப் பயனுள்ள ஆக்கப்பணி’ என்றது. பெயர்கள் வளர்ந்தன. மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் புத்தகப்பை, எடை தூக்கும் காற்றாலை, பொம்மலாட்டப் பொம்மை ஆகியவற்றை மாணவர்களைக் கொண்டே வடிவமைத்துப் பார்த்தது. ஆனால் அவர்கள் நடுநிலைப் பள்ளி மாணவர்கள். தமிழ்நாட்டில் 2003இல் 13 சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பின்னர் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், ரிஷிவேலிப் பள்ளியின் கற்றல் அட்டைகளைப் பின்பற்றிச் சிறுவரைத் தரையில் வட்டமாக உட்காரவைத்தது; கரும்பலகை அவர்கள் கைக்கெட்டும் உயரத்துக்கு இறங்கியது. கை இயங்கியது, ஆனால் அட்டையைப் பின்பற்றத்தான். 2016இல் பள்ளிகளுக்கு வந்த அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் ஆறாம் வகுப்பிலிருந்தே தொடங்குகின்றன.