ஆன்லைன் கடைக்கு வரி இல்லையா? ஒரு சின்ன வரலாறு



"ஆன்லைன்காரனுக்கு வரி கிடையாது, அதான் மலிவா தர்றான்." புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும். பி.காம் படிக்கும் நமக்கு இதில் எவ்வளவு உண்மை என்று தெரிய வேண்டாமா?

இந்தியாவில் பொது விற்பனை வரி பிறந்ததே நம் சென்னை மாகாணத்தில்தான். மதுவிலக்கால் குறைந்த வருமானத்தை ஈடுகட்ட, ராஜாஜி அரசு 1939ல் அதைக் கொண்டு வந்தது. விகிதம் வெறும் அரை சதவீதம். வருடத்துக்கு 10,000 ரூபாய்க்குக் குறைவாக விற்பவருக்கு அதுவும் இல்லை. (புதுக்கோட்டை அப்போது தனி சமஸ்தானம். 1948 மார்ச்சில்தான் சென்னை மாகாணத்தோடு இணைந்தது.) சின்ன வியாபாரிக்குக் கொடுத்த இந்த விலக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்தது 1956ம் வருட மத்திய விற்பனை வரிச் சட்டம். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் பொருள் போனால், அது கிளம்பிய மாநிலம் வரியை எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவில் கதை வேறு. ஒரு மாநிலத்தில் கடையோ கிடங்கோ இல்லாத நிறுவனம் அங்கே விற்பனை வரி வசூலிக்கத் தேவையில்லை என்று 1992ல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018ல்தான் அது மாறியது. நம் நாட்டில் ஆன்லைன் கடைக்கும் வரி இருந்தது. ஆனால் அது போய்ச் சேர்ந்தது வேறு மாநிலத்தின் கஜானாவுக்கு.

வித்தியாசம் விகிதத்தில்தான். 2011ல் தமிழக அரசு செல்போன் மீதான வாட் வரியை 14.5 சதவீதமாக உயர்த்தியது. வரிக்கு முன் 10,000 ரூபாய் விலையுள்ள போன் நம்மூர்க் கடையில் 11,450 ரூபாய். 5 சதவீத வரி உள்ள மாநிலத்திலிருந்து பார்சலில் வந்தால் 10,500 ரூபாய். ஆக 950 ரூபாய் வித்தியாசத்துக்கு வரி மட்டுமே காரணம்! கடைக்காரர் தன் லாபத்தை விட்டுக்கொடுத்தாலும் இதை ஈடுகட்ட முடியுமா? 2015 பட்ஜெட்டில் தமிழக அரசு இதை 5 சதவீதமாகக் குறைத்தது.

கேரளா வேறு வழியில் போனது. தன் மாநிலத்துக்குள் நடந்த விற்பனைக்கு வரி கட்டவில்லை என்று ஃபிளிப்கார்ட் உள்ளிட்ட நிறுவனங்களுக்கு அபராதம் போட்டது. அவை மாநிலங்களுக்கு இடையிலான விற்பனை என்று கூறி 2015ல் கேரள உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

2017 ஜூலை 1ல் ஜிஎஸ்டி வந்ததும் இந்தச் சண்டை முடிந்தது. பொருள் எங்கே போய்ச் சேர்கிறதோ அந்த மாநிலத்துக்கே வரிப் பங்கு. விகிதமும் நாடு முழுக்க ஒன்றே. 2020 ஏப்ரல் முதல் செல்போனுக்கு 18 சதவீதம். கீழ ராஜ வீதியில் வாங்கினாலும் பெங்களூரிலிருந்து வரவழைத்தாலும் அதேதான். இன்றைக்கு ஆன்லைனில் விலை குறைவு என்றால் காரணம் மொத்தக் கொள்முதல், தள்ளுபடி போன்றவை. வரி இல்லை.

அப்போ எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. 1939ன் விலக்கு ஞாபகம் இருக்கிறதா? ஜிஎஸ்டியிலும் அது உண்டு. பொருள் விற்பவருக்கு முதலில் 20 லட்சம், 2019 ஏப்ரல் முதல் 40 லட்சம் ரூபாய் வரை பதிவு தேவையில்லை. ஆனால் அமேசான் மாதிரி தளத்தில் விற்றால், ஒரு ரூபாய்க்கு விற்றாலும் ஜிஎஸ்டி எண் கட்டாயம் என்று வைத்தார்கள். 2018 அக்டோபர் முதல் தளமே விற்பனைத் தொகையில் 1 சதவீதம் பிடித்தது. (2024 ஜூலை முதல் அரை சதவீதம்.) பின்னால் கணக்கில் வரவு வைக்கலாம்தான், ஆனால் அதுவரை சின்ன வியாபாரியின் முதல் முடங்கும்.

2023 அக்டோபர் 1ல்தான் சொந்த மாநிலத்துக்குள் மட்டும் இந்தக் கட்டாயம் நீங்கியது. ஆதனக்கோட்டையில் முந்திரி வறுத்து விற்கும் ஒருவர், 40 லட்சத்துக்குள் வியாபாரம் என்றால், ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே ஆன்லைனில் சென்னைக்கு விற்கலாம். பெங்களூருக்கு ஒரே ஒரு பொட்டலம் அனுப்பக்கூட பதிவு வேண்டும், மாதமோ காலாண்டோ கணக்கு தாக்கல் செய்ய வேண்டும்.

எந்த மாநிலத்துக்கு எவ்வளவு வரி சேர வேண்டும் என்று தெரிய பதிவு வேண்டும் என்பது அரசின் வாதம். நியாயம்தான். ஆனால் தளத்தின் கணினியிலேயே ஒவ்வொரு விற்பனையும் பதிவாகிறதே? அந்தக் கணக்கையே எடுத்துக்கொண்டு, சின்ன வியாபாரிக்கு வெளிமாநில விற்பனையிலும் ஒரு வரம்பு வரை விலக்கு தரலாம் என்பது என் கருத்து. வரி விகிதத்தில் சமம் வந்தாயிற்று. நம்மூர்க் கடைக்காரரும் வெளியூருக்கு விற்க முடிந்தால்தான் போட்டியில் சமம் வரும்.