பிளேட்டோவின் 5040, ராமானுஜன் தவறவிட்ட ஒன்று

மேற்கு மாம்பலத்தில் பழைய வீட்டை இடித்து ஃபிளாட் கட்டும் பேச்சு எழுந்தால் முதலில் வந்து நிற்கும் எண் 2,400. ஒரு கிரவுண்டுக்கு அத்தனை சதுர அடி. ஆறு வீடென்றால் தலைக்கு 400, எட்டென்றால் 300. ஏழு என்றால்தான் யுடிஎஸ் எனும் பிரிக்கப்படாத நிலப் பங்கில் தசமப் புள்ளி முளைக்கும்.

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் பிளேட்டோவுக்கும் இதே கவலை. 'சட்டங்கள்' நூலில் தன் கற்பனை நகரத்துக்கு அவர் வைத்த நில உரிமையாளர்கள் 5040 பேர். 1 முதல் 12 வரை எதனாலும் அதை வகுக்கலாம். 11 மட்டும் முரண்டு பிடிக்கும். அதற்கும் அவரிடம் வழி இருந்தது: இரண்டு குடும்பத்தைக் கழித்தால் 5038, அது 11க்குச் சரியாகப் போகும். கழிக்கப்பட்ட இரண்டு குடும்பங்களின் கருத்தை யாரும் கேட்கவில்லை.

5040க்கு 60 காரணிகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை இல்லை. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் மிஞ்சுபவற்றை 'மிகு பகு எண்கள்' என்று தனி இனமாக்கி ஆராய்ந்தவர், சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து கேம்பிரிட்ஜ் போன ராமானுஜன். 1915இல் லண்டனில் கட்டுரை வெளியானது. மறு ஆண்டு அதற்காகவே பி.ஏ. பட்டமும் கிடைத்தது. அந்தக் கட்டுரையில் 102 எண்கள் கொண்ட அட்டவணை. கடைசி எண் 6746328388800.

கைக்கணக்கில் ஒன்றே ஒன்று தப்பியது: 293318625600. அதை 23ஆல் பெருக்கினால் அட்டவணையின் அந்தக் கடைசி எண் வந்துவிடும். தப்பிய எண்ணின் காரணிகளை எண்ணிப் பார்த்தால் சரியாக 5040!

முதல் உலகப் போர்க்காலம். லண்டன் கணிதச் சங்கத்தில் பணமுடை. கட்டுரையின் பிற்பகுதி அச்சேறவில்லை. அது கிடப்பில் கிடக்க, 1944இல் அலாவோக்லு, எர்டிஷ் என்ற இரு கணிதவியலாளர்கள் காரணிகளின் எண்ணிக்கைக்குப் பதில் கூட்டுத்தொகையை எடுத்துக்கொண்டு, அந்தப் பிற்பகுதியில் இருந்த எண் வகையையே புதிதாகக் கண்டுபிடித்தார்கள். காப்பி என்று சொல்ல வழியில்லை. பார்க்கவே கிடைக்காததை யார் காப்பியடிப்பது?

இதே எர்டிஷ் 1975இல் சென்னையில் வந்து இறங்கினார், கிருஷ்ணசுவாமி அல்லாடி என்ற மயிலாப்பூர்க் கல்லூரி மாணவரைச் சந்திக்க. அந்த மாணவர் பிற்பாடு தொடங்கிய 'ராமானுஜன் ஜர்னல்' இதழின் முதல் தொகுதியில்தான், 1997இல், பிற்பகுதி நிக்கோலா, ரோபன் என்ற இரு பிரெஞ்சுக்காரர்களின் குறிப்புகளோடு வெளிவந்தது.

அதற்கு முன்பே, 1984இல், ரோபன் காரணிகளின் கூட்டுத்தொகைக்கு ஒரு வரம்பை வைத்து, அதை ரீமன் கருதுகோளோடு இணைத்திருந்தார். 5040இன் காரணிகளைக் கூட்டினால் 19,344. வரம்பு சுமார் 19,237. பிளேட்டோவின் எண் அதைத் தாண்டிவிடுகிறது. 5040க்கு மேல் இன்னும் ஓர் எண் தன் வரம்பைத் தாண்டினாலும், கணிதத்தின் மிகப் பெரிய புதிரான ரீமன் கருதுகோள் பொய்த்துவிடும். இன்றுவரை அப்படி ஓர் எண் அகப்படவில்லை.